வெறுங்கை ஆசான்

குடுமியை வெட்ட மறுத்த காரணத்தால் மருத்துவராகும் வாய்ப்பை இழந்த இளைஞர் ஒருவர், சில ஆண்டுகள் கழித்து அதே குடுமியை வெட்டிக்கொண்ட காரணத்தால் பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். கராத்தே என்ற சொல்லை உலகறியச் செய்த கிச்சின் ஃபுனாகோஷியின் வாழ்க்கை இப்படித்தான் தொடங்குகிறது.

நம் நாட்டுக் கல்லூரிகளில் மாலை வேளையில் வெள்ளுடை உடுத்தி டேக்வாண்டோ பயிலும் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். இது கொரிய நாட்டின் ஈராயிரம் ஆண்டுப் பழங்கலை என்பார். பக்கத்து மைதானத்தில் கராத்தே பயில்பவரோ, தமது கலை ஜப்பானியரின் சொத்து என்பார். இருவரும் ஒருவரை ஒருவர் ஏளனமாகப் பார்ப்பதும் உண்டு. இருவர் கலையும் பெரும்பகுதி ஒரே ஊற்றிலிருந்து வந்தது என்பதையும், அந்த ஊற்று சீனத்துக்கும் ஜப்பானுக்கும் இடையே கடலில் கிடக்கும் ஒரு சிறு தீவில் இருக்கிறது என்பதையும் இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்!

அந்தத் தீவுதான் ஓகினாவா. ஒரு காலத்தில் அது ரியூக்யூ என்ற தனி அரசு. அதன் தலைநகரான ஷூரியில், 1868ஆம் ஆண்டு, தாழ்ந்த படிநிலையைச் சேர்ந்த ஒரு வீரக்குடும்பத்தில் ஃபுனாகோஷி பிறந்தார். குறைமாதக் குழந்தை. பிழைக்காது என்றே பலரும் எண்ணினார்கள். தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் எடுத்து வளர்த்தார்கள். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, 1879இல், ஜப்பானிய அரசு ரியூக்யூ மன்னரை அகற்றிவிட்டுத் தீவைத் தன் மாவட்டங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டது. நேற்றுவரை தனி அரசின் குடிகளாக இருந்தவர்கள் இன்று பேரரசின் கடைக்கோடி மனிதர்களாகிவிட்டார்கள். இதை நாம் மறக்கலாகாது. பின்னால் வரும் கதை முழுவதற்கும் இதுவே அடித்தளம்.

புதிய அரசின் கட்டளைகளுள் ஒன்று ஆண்கள் குடுமியை நீக்க வேண்டும் என்பது. பழங்குடிப் பெருமை கொண்ட ஃபுனாகோஷியின் வீட்டார் அதற்கு இணங்கவில்லை. பையனுக்கோ மருத்துவம் படிக்க ஆசை. 1870க்கு முன் பிறந்தவர்கள் தேர்வு எழுத முடியாது என்ற விதி இருந்ததால், பதிவேட்டில் பிறந்த ஆண்டையே மாற்றி எழுதித் தேர்வில் தேறியும்விட்டார். ஆனால் குடுமி வைத்தவர்களுக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை! வீட்டார் மனம் நோகக்கூடாது என்று படிப்பைக் கைவிட்டார். பிறகு 1888இல் தொடக்கப்பள்ளி உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதற்கும் குடுமி ஆகாது. இம்முறை வெட்டிக்கொண்டார். புது உடையில் வீட்டுக்குள் நுழைந்த மகனைக் கண்டு தந்தை திகைத்து நின்றார். தாயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டு வழியாகப் பிறந்தகம் போய்விட்டார்.

ஆசிரியர் வேலை பகலில். கற்கும் வேலை இரவில். பள்ளித்தோழன் ஒருவனின் தந்தை அஸாட்டோ அங்கோ என்பவர் தீவிலேயே சிறந்த கைப்போர் வல்லவர்களுள் ஒருவர். இக்கலையை அன்று வெளிப்படையாகக் கற்பிக்கும் வழக்கமில்லை. ஆகவே மங்கிய விளக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இரவு தோறும் அஸாட்டோவின் வீட்டுக்கு நடப்பார். விடியும் வேளையில் களைத்துத் திரும்புவார். அண்டை வீட்டார் சும்மா இருப்பார்களா? வாத்தியார் தாசி வீட்டுக்குப் போய்வருகிறார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அங்கே கற்றது என்ன? நம் ஊர்க் குத்துவரிசையில் உள்ளதுபோல அடியும் தடையும் காலடியும் ஒழுங்காகக் கோத்த வரிசைகள். ஜப்பானியர் இவற்றைக் காத்தா என்பார்கள். ஒரே வரிசையை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசான் முற்றத்தை நோக்கி அமர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சரியாக வந்தால் ஒரு சொல் பாராட்டு, வராவிட்டால் மறுபடியும். மூன்றே மூன்று வரிசைகளில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழிந்தன. நம்மில் எத்தனை பேர் ஒரு பருவத் தேர்வுக்கு அந்தப் பொறுமையைக் காட்டுவோம்? அஸாட்டோவின் நண்பர் இட்டோசு அங்கோவும் அவருக்கு ஆசானானார். இந்த இட்டோசுதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலையை இருளிலிருந்து பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுவந்தவர். மாணவர்க்கு எளிதாக இருக்கும்படி பினான் என்ற ஐந்து வரிசைகளை அமைத்தவர். இந்த ஐந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் இவற்றை மீண்டும் சந்திப்போம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப்பணி. அந்தக் காலத்து ஓகினாவாப் பள்ளிகளில் ஒரு கொடிய வழக்கம் புகுந்தது: வீட்டு மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிடுவார்கள், அடுத்த பிள்ளை அதே குற்றத்தைச் செய்யும் வரை அது அவன் கழுத்திலேயே கிடக்கும். தாய்மொழி பேசுவது வெட்கத்துக்கு உரியது என்று கற்பித்த காலம் அது. அத்தகைய தீவிலிருந்து ஒரு பொருள் தலைநகருக்குப் போய் மதிப்புப் பெற வேண்டுமானால் அது என்ன வேடம் போட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1921இல் ஐரோப்பா செல்லும் வழியில் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ ஓகினாவாவில் இறங்கினார். ஷூரி அரண்மனையில் அவர்முன் கைப்போர்க்கலையைக் காட்டிய குழுவுக்குத் தலைவர் ஃபுனாகோஷி. மறு ஆண்டு டோக்கியோவில் நடந்த முதல் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு அவரையே அனுப்பினார்கள். வயது ஐம்பத்து மூன்று. போய்க் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ தம் கூடத்துக்கு அழைத்தார். அங்கே டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த ஷின்கின் கீமா என்ற ஓகினாவா மாணவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கலையைக் காட்டினார். இன்னும் சிறிது நாள் இருங்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வேண்டினார்கள். சிறிது நாள் ஆண்டுகளாக நீண்டது. மனைவி தீவிலேயே தங்கிவிட்டார். முன்னோர் வழிபாட்டை விட்டு வர அவர் இசையவில்லை.

வீட்டை விட்டுத் தொலைதூரம் வந்து விடுதியில் வாழும் நமக்கு இனி வரும் பகுதி நன்கு விளங்கும். டோக்கியோவில் ஓகினாவா மாணவர்களுக்கென்று மெய்ஸெய் ஜுக்கு என்ற விடுதி ஒன்று இருந்தது. அங்கே ஒரு சிறு அறையில் ஃபுனாகோஷி தங்கினார். வாடகைக்குப் பணமில்லை; ஆகவே விடுதிக்குக் காவலரும் அவரே, தோட்டக்காரரும் அவரே, அறை பெருக்குபவரும் அவரே. மாணவர்கள் வகுப்புக்குப் போனபின் கூடத்தில் கலையைக் கற்பிப்பார். பழைய தொப்பியையும் ஓகினாவாவில் கையால் நெய்த ஓர் உடையையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோன நாளும் உண்டு. கடைக்காரர் எதிர்பாராத தொகையைக் கொடுத்தார். அவருடைய தம்பி இவரிடம் பயிலும் மாணவர் என்பது பின்னரே தெரிந்தது.

ஒருநாள் செய்தியாளர் ஒருவர் விடுதிக்கு வந்தார். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவரிடம், ஆசிரியர் ஃபுனாகோஷியைப் பார்க்க வேண்டும் என்றார். முதியவர் பணிவோடு காத்திருக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் முறையான உடையணிந்து இறங்கிவந்து, தாமே ஃபுனாகோஷி என்று வணங்கினார். செய்தியாளர் வாயடைத்துப் போனார். இந்நிகழ்ச்சியை ஃபுனாகோஷி முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கசப்பு ஒரு துளியும் இல்லை.

1923 செப்டம்பர் முதல் நாள் பெருநிலநடுக்கம் டோக்கியோவைப் புரட்டிப்போட்டது. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த அவருடைய முதல் நூலின் அச்சுத்தகடுகள் எரிந்தன; மாணவர் சிலரும் மறைந்தார்கள். எஞ்சியவர்களோடு ஒரு வங்கியில் ஸ்டென்சில் வெட்டும் வேலைக்குப் போய் வயிறு கழுவினார். ஆனால் அடுத்த ஆண்டே, 1924இல், கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கியது. வசேடா முதலிய பிற பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. கராத்தே ஜப்பானில் வேர்கொண்டது படைமுகாமில் அன்று, கல்லூரியில் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேர்கொள்வதற்கு ஒரு விலை இருந்தது. கராத்தே என்ற சொல்லில் உள்ள கரா என்பதை அதுவரை சீனத்தின் டாங் அரசமரபைக் குறிக்கும் எழுத்தால் எழுதிவந்தார்கள். பொருள் சீனக் கை. ஜப்பானிய மொழியில் கரா என்று ஒலிக்கும் இன்னோர் எழுத்தும் உண்டு. அதன் பொருள் வெறுமை. 1930களில் ஜப்பானுக்கும் சீனத்துக்கும் பகை முற்றிவந்த நேரம். ஃபுனாகோஷி முதல் எழுத்தைக் களைந்து இரண்டாவதை வைத்தார். 1935இல் வெளிவந்த அவரது பெருநூல் அதை நிலைநாட்டியது. ஒலி மாறவில்லை, சீனக் கை வெறுங்கை ஆகிவிட்டது! பௌத்தத்தின் சூனியக் கருத்தைக் கொண்டு அதற்கு உயர்ந்த பொருளும் கூறினார். அது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். அவர் உள்ளத்தில் அந்த நம்பிக்கை மெய்யாகவே இருந்தது. ஆயினும் பேரரசின் முற்றத்தில் ஒரு தீவுக்கலை இடம்பிடிக்க அது உதவியது என்பதும் மெய்யே. ஓகினாவாவில் பலர் முணுமுணுத்தார்கள். வரிசைகளின் பெயர்களும் ஜப்பானிய ஒலி பெற்றன. பினான் என்பது ஹெய்யான் ஆயிற்று. கற்பவர்க்கு எளிதாகட்டும் என்று முதல் வரிசையை இரண்டாவதாகவும் இரண்டாவதை முதலாகவும் மாற்றிவைத்தார். இந்தச் சிறு மாற்றம் பின்னால் ஒரு பெரிய சாட்சியாக வந்து நிற்கப்போகிறது.

ஃபுனாகோஷிக்குக் கவிதை எழுதும் பழக்கம் இருந்தது. இளமையில் ஷூரிக்கு அருகில் உள்ள குன்றில் தனியே உலவும்போது பைன் மரங்களுக்கிடையே காற்று எழுப்பிய ஓசை அவர் மனத்தில் தங்கிவிட்டது. நம் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் நின்று கேட்டவர்களுக்கு அந்த ஓசை புரியும். ஆகவே ஷோட்டோ, அதாவது பைன் அலை, என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1930களின் பிற்பகுதியில் மாணவர்கள் நிதி திரட்டி அவருக்கென்று ஒரு கூடம் கட்டி, வாயிலில் ஷோட்டோகான் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஷோட்டோவின் இல்லம் என்பது பொருள்.

இனிக் கொரியாவுக்கு வருவோம். 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. ஓகினாவாவுக்கு நேர்ந்ததே இன்னும் பெரிய அளவில் அங்கும் நேர்ந்தது. உயர்கல்வி வேண்டிய கொரிய இளைஞர் பலர் ஆள்பவரின் தலைநகருக்கே போகவேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவர் லீ வொன் குக். 1926இல் டோக்கியோ போய், சூவோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். இன்னொருவர் ரோ பியுங் ஜிக். இருவரும் ஃபுனாகோஷியின் கூடத்தில் பயின்றார்கள். 1944இல், ஜப்பானிய ஆட்சி முடியுமுன்னரே, லீ சியோலிலும் ரோ கேசொங் நகரிலும் தத்தம் கூடங்களைத் திறந்தார்கள்.

அக்கூடங்களின் பெயர்களைப் பாருங்கள். லீ வைத்த பெயர் சுங் டோ குவான்: நீல அலை இல்லம். ரோ வைத்த பெயர் ஸோங் மூ குவான்: பைன் போர்க்கலை இல்லம். ஆசானின் புனைபெயரில் இரண்டே எழுத்துகள், பைனும் அலையும். ஒரு மாணவர் கூடத்தில் அலை இருக்கிறது. மற்றவர் கூடத்தில் பைன் இருக்கிறது. கேசொங் நகரின் பழம்பெயரிலும் பைன் உண்டு என்பதால் ரோவுக்கு அது இருவகையிலும் பொருந்தியது. வெளியே சொல்ல முடியாத ஒரு கடனை இதைவிட நயமாக யாரும் எழுதிவைத்ததில்லை.

ஏன் வெளியே சொல்ல முடியவில்லை? 1945 ஆகஸ்டில் விடுதலை வந்தது. முப்பத்தைந்து ஆண்டு அடிமைத்தனத்தின் வடு ஆறாத மக்களிடம், நான் கற்பிப்பது ஜப்பானில் கற்றது என்று யார் சொல்வார்? லீயின் மேல் ஜப்பானியரின் ஆள் என்ற பழியே விழுந்தது. 1951இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ரோவின் கேசொங் நகரோ கொரியப் போருக்குப்பின் வடகொரியாவின் பக்கம் போய்விட்டது.

இதற்குள் வேறு கூடங்களும் எழுந்தன. யூன் பியுங் இன் மஞ்சூரியாவில் சீனக் கைப்போரும், டோக்கியோவில் டோயாமா கான்கென் என்ற வேறோர் ஓகினாவா ஆசானிடம் கராத்தேயும் கற்றவர். ஹ்வாங் கீ மஞ்சூரியாவில் சீனக்கலை பயின்றவர். சியோலில் ரயில்வே அலுவலக நூலகத்தில் கிடைத்த ஓகினாவாக் கராத்தே நூல்களையும் படித்து 1945இல் மூ டுக் குவான் கூடத்தைத் தொடங்கினார். இக்கலைக்குச் சிலர் டாங் சூ டோ என்றும் சிலர் காங் சூ டோ என்றும் பெயரிட்டார்கள். இவை கொரியச் சொற்களாக ஒலிக்கின்றன. ஆனால் எழுத்தைப் பார்த்தால், முதலாவது சீனக் கை, இரண்டாவது வெறுங்கை! ஃபுனாகோஷி மாற்றிய அதே இரண்டு எழுத்துகள்தாம் கொரிய ஒலியில் இரு பெயர்களாக நின்றன. ஐந்து பினான் வரிசைகளும் பியுங் ஆன் என்ற பெயரில் வந்தன. அவற்றுள் முதலாவதாகக் கற்பிப்பது எது? இட்டோசு இரண்டாவதாக வைத்து, ஃபுனாகோஷி முதலாவதாக மாற்றினாரே, அதுதான். ஏட்டைப் பார்த்து எழுதியவன் மூல ஏட்டின் பிழையையும் சேர்த்தே எழுதுவதுபோல, இந்த வரிசைமாற்றம் வழியைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்படியானால் கொரியர் செய்தது வெறும் நகலெடுப்பா? இல்லை. கையை முதன்மையாகக் கொண்டிருந்த கலையில் காலை முதன்மையாக்கினார்கள். உயர்ந்த உதையும் சுழன்று உதைப்பதும் அவர்கள் கையில், இல்லை, அவர்கள் காலில், புது உருப்பெற்றன. 1955இல் தளபதி சோய் ஹொங் ஹீயின் முயற்சியால் டேக்வாண்டோ என்ற பெயர் பிறந்தது. அவரும் ஜப்பானில் படித்தபோது கராத்தே பயின்றவரே. அப்பெயர் கொரியரின் பழைய கால்விளையாட்டான டேக்கியனை நினைவூட்டியது. டேக்கியன் மெய்யாகவே பழைய கலை. ஆனால் டேக்வாண்டோவின் வரிசைகளில் அதன் தடத்தைக் காண்பது கடினம். ஹ்வாங் கீ இணைய மறுத்துத் தனிவழி போனார். சோய் 1966இல் அனைத்துலகக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினார். பின்னர் சியோல் அரசோடு முரண்பட்டு 1972இல் கனடாவுக்குப் போனார். சியோலில் 1973இல் வேறொரு கூட்டமைப்பு எழுந்தது. ஒலிம்பிக்கில் 2000முதல் பதக்கம் தருவது இந்த இரண்டாவதன் முறை. ஹாப்கிடோ என்பது இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பூட்டும் எறிதலும் கொண்ட அதன் வேர் ஜப்பானின் டைட்டோ மரபில் இருப்பதாக அதைத் தொடங்கிய சோய் யோங் சுல் கூறினார். அது வேறு கதை.

ஈராயிரம் ஆண்டுப் பெருமையைக் கேட்டு நாம் நகைக்க வேண்டாம். நம்மவரும் காஞ்சிபுரத்துப் போதிதர்மரே இக்கலைகளுக்கெல்லாம் தந்தை என்று மார்தட்டுகிறோம். ஃபுனாகோஷியும் அக்கதையைத் தம் நூலில் சொல்லியிருக்கிறார். போதிதர்மர் தென்னாட்டவர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு உண்டு. ஆனால் அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதை, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பின்னர், 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நூலில்தான் தலைகாட்டுகிறது. அடிமைப்பட்டிருந்த நாடுகளுக்குப் பழம்பெருமை ஒரு மருந்து. அளவு மீறினால் வேறு விளைவு.

ஃபுனாகோஷியின் இறுதிக்காலம் துயரமானது. அவருடைய கலைக்குத் தாழ்ந்த நிலையையும் உயர்ந்த உதையையும் தந்து இளைஞர்க்கு ஏற்றதாக ஆக்கிய மகன் யோஷிட்டாக்கா, காசநோயால் 1945இல் மறைந்தார். அதே ஆண்டு விமானக் குண்டுவீச்சில் ஷோட்டோகான் எரிந்து சாம்பலாயிற்று. ஓகினாவாப் போர் தீவையே அழித்தது. அங்கிருந்து தப்பிய மனைவி க்யூஷூ தீவில் ஓயிட்டாவில் ஒதுங்கினார். எழுபத்தேழு வயதுக் கணவர் அங்கே போய்ச் சேர்ந்தார். இருபது ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்தவர்கள் காய்கறி வளர்த்தும் கடற்பாசி பொறுக்கியும் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1947இல் அம்மையார் காலமானார். சாம்பலை எடுத்துக்கொண்டு முதியவர் டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். வழியெங்கும் ரயில் நிலையங்களில் பழைய மாணவர்கள் வந்து நின்று ஆறுதல் சொன்னார்கள். தமக்கு இத்தனை மாணவர்கள் எஞ்சியிருப்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

போட்டியை அவர் என்றும் விரும்பியதில்லை. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக மாணவர்கள் கவசம் அணிந்து மோதத் தொடங்கியபோது அம்மன்றத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டவர் அவர். முதலில் அடிப்பவன் கராத்தேக்காரன் அல்லன் என்பது அவர் கொள்கை. 1957 ஏப்ரல் 26ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில், அவர் உயிர்நீத்தார். இறுதிச்சடங்கை நடத்தும் உரிமை யாருக்கு என்று மாணவர் குழுக்களுக்குள் பூசல் மூண்டது. ஒரு சாரார் சடங்குக்கே வரவில்லை. கொரியாவில் நடந்த பிளவு ஆசானின் சொந்த வீட்டிலும் நடந்தது. அதே ஆண்டில், அவருடைய மாணவர்கள் ஒரு பிரிவினர் ஜப்பான் முழுவதற்குமான முதல் வெற்றிக்கிண்ணப் போட்டியை டோக்கியோவில் நடத்தினார்கள். 1968இல் காமகுராவின் எங்காகுஜி கோயிலில் மற்றொரு பிரிவினர் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். முதல் அடி பற்றிய அவர் கொள்கை அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.